இழைய நுண்ணணி: வன்னியில் ஆய்வு தொடங்குவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டங்களில் பணிபுரியும் இளம் வைத்தியர்களும் மருத்துவ ஆய்வுகூடத் தொழினுட்பம் படிக்கும் மாணவர்களும் நேரிலும் தொலைபேசியிலும் என்னிடம் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். இழையநோயியல் ஆய்வுகூடத்தில் மெழுகோடும், அதை மிக மெல்லியதாகச் சீவும் மைக்ரோட்டோம் கருவியின் கத்தியோடும் நாள் முழுவதும் பழகுபவன் நான். ஆகவே இவ்விடைகளில் மேசையிற் செய்து கற்றவை கூடுதலாகவும், ஏட்டிற் படித்தவை அதற்குத் துணையாகவும் இருக்கும்.

இழைய நுண்ணணி என்றால் என்ன?

சத்திரசிகிச்சையில் அகற்றிய இழையத்தை, அழுகாமல் காக்கும் போமலின் திரவத்தில் நிலைப்படுத்தி, நீரை நீக்கி, பரபின் மெழுகில் பதித்து வைக்கிறோம். அந்த மெழுகுக் கட்டையைத்தான் ஆய்வுகூடங்களில் புளொக் என்று சொல்கிறோம். பல நோயாளிகளின் புளொக்குகளிலிருந்து, உள்ளே துளையுள்ள மெல்லிய ஊசியினால் உருளை வடிவில் சிறு சிறு இழையத் துண்டுகளை எடுத்து, புதிய வெறும் மெழுகுப் புளொக் ஒன்றில் வரிசை வரிசையாக நட்டு வைத்தால் அதுவே இழைய நுண்ணணி. ஆய்வுகூடப் பேச்சில் இதனை ரீ.எம்.ஏ. என்பார்கள். அந்தப் புதிய புளொக்கிலிருந்து ஒரு சீவல் சீவி ஒரு சிலைட்டில் ஏற்றினால், பல நோயாளிகளின் இழையம் ஒரே கண்ணாடியில், ஒரே நேரத்தில், ஒரே சாயத்தில் கண்முன் கிடைக்கும்.

நெல் வாங்க வரும் வியாபாரி மூடையைப் பிரிக்காமல் குத்தூசியைச் செருகி, அதன் குழிவில் வரும் நெல்லை உள்ளங்கையில் கொட்டிப் பார்ப்பதை நம்மூரில் எல்லோரும் கண்டிருப்போம். அந்த வேலைதான் இதுவும். மூடை மூடையாகவே இருக்கும். கையில் வந்த நெல் மூடையைப் பற்றிச் சொல்லும். குத்தூசி எந்த இடத்தில் இறங்கியது என்பதைப் பொறுத்தே அது சொல்வது சரியா பிழையா என்பது அமையும். கீழே வரும் விடைகளிற் பாதிக்கு மேற்பட்டவை இந்த ஒரு கவலையைச் சுற்றியவையே.

இதனை யார், எப்போது உருவாக்கினார்கள்?

பல இழையங்களை ஒரே புளொக்கில் சேர்க்கும் எண்ணத்தை 1986 இல் ஹெக்டர் பற்றிபோரா வெளியிட்டார். மெல்லிய கோல்களாக நறுக்கிய பல இழையங்களை ஒன்றாகச் சுருட்டிப் பதிக்கும் முறை அது. எந்தத் துண்டு எவருடையது என்று அதில் பிரித்தறிவது கடினமாக இருந்தது. ஒவ்வோர் உருளைக்கும் நிரை, நிரல் என்று நிலையான முகவரி கொடுத்த இன்றைய வடிவத்தை 1998 இல் யூஹா கொனொனன், ஒல்லி கல்லியோனியெமி முதலானோர் நேச்சர் மெடிசின் ஆய்விதழில் அறிமுகப்படுத்தினர். 0.6 மில்லிமீற்றர் விட்டமுள்ள உருளைகளைக் கொண்டு ஒரே புளொக்கில் 1,000 மாதிரிகள் வரை வைக்கலாம் என்று அவர்கள் காட்டினார்கள்.

பின்னர் சுவீடனில் 2003 இல் தொடங்கிய மனிதப் புரத அட்லஸ் திட்டம் இம்முறையையே அடித்தளமாகக் கொண்டு, 144 பேரின் இயல்பான இழையங்களிலும் 216 புற்றுநோயாளிகளின் இழையங்களிலும் ஆயிரக்கணக்கான புரதங்களைப் பார்த்து, அந்தப் படங்களை எவரும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கும்படி வைத்திருக்கிறது. இழையத்தில் ஒரு புரதத்தைத் தேடிப் பற்றி, சாயத்தால் அதைக் காட்ட உதவும் பிறபொருளெதிரி ஒன்றை வாங்குவதற்கு முன், அது குறிவைக்கும் புரதம் எந்த இழையத்தில் எப்படிச் சாயமேறும் என்று அங்கே பார்த்துக்கொள்ளுங்கள். மாணவர்களுக்கு நான் கொடுக்கும் முதல் வேலை இதுதான்.

தனித்தனிச் சிலைட்டுகளில் செய்யாமல் இதை ஏன் செய்ய வேண்டும்?

நாற்பது நோயாளிகளில் ஒரு புரதத்தைப் பார்க்க வேண்டுமாயின் வழமையான முறையில் நாற்பது சிலைட்டுகள் வேண்டும். சிலைட் ஒன்றுக்குச் சுமார் 0.1 முதல் 0.2 மில்லிலீற்றர் வரை ஐதாக்கிய பிறபொருளெதிரி செலவாகும் என்று கொண்டால், மொத்தம் 4 முதல் 8 மில்லிலீற்றர் வரை போய்விடும். நுண்ணணியில் ஒரு சிலைட், அதற்குரிய ஒரு துளி. குப்பி ஒன்றுக்குப் பணம் ஒதுக்கவே மாதக்கணக்கில் காத்திருக்கும் நமக்கு இது சிறிய விடயமன்று.

பணத்திலும் பெரிய பயன் ஒன்று உண்டு. நாற்பது சிலைட்டுகளை மூன்று நாட்களில் மூன்று தொகுதிகளாகச் சாயமிட்டால், திங்கட்கிழமைச் சாயத்துக்கும் புதன்கிழமைச் சாயத்துக்கும் இடையே வெப்பநிலையாலும் நேரத்தாலும் வரும் வேறுபாடு, நோயாளிகளுக்கு இடையிலான வேறுபாடுபோலத் தோன்றிவிடும். ஒரே சிலைட்டில் எல்லோரும் இருக்கும்போது அந்த மயக்கம் பெருமளவு நீங்குகிறது.

மூன்றாவது பயன், என் மனத்துக்கு மிக நெருக்கமானது. புளொக் ஒன்று முழுச்சீவல்களாகச் சீவச் சீவத் தேய்ந்து முடிந்துவிடும். இரண்டு மூன்று சிறு துளைகளோடு நிறுத்திக்கொண்டால் மீதி இழையம் அந்த நோயாளிக்காக அப்படியே இருக்கும்.

இவ்வளவு சிறிய உருளை முழுக் கட்டியையும் காட்டுமா?

இந்தக் கேள்வியைக் கேட்காதவர் இல்லை, கேட்கவும் வேண்டும். 0.6 மில்லிமீற்றர் உருளையின் பரப்பு ஏறத்தாழ 0.28 சதுர மில்லிமீற்றர். 1 மில்லிமீற்றர் உருளைக்கு 0.79, 2 மில்லிமீற்றர் உருளைக்கு 3.14. ஒரு முழுச்சீவலில் சில நூறு சதுர மில்லிமீற்றர் இழையம் இருக்கக்கூடும். ஆகவே நாம் பார்ப்பது மிகச் சிறிய பங்கு என்பதில் ஐயமில்லை.

ஆயினும் 2000 இல் காம்ப், சாரெற், ரிம் ஆகியோர் மார்பகப் புற்றுநோயில் ஈஸ்திரஜன் வாங்கி, புரொஜெஸ்தரோன் வாங்கி (அந்த ஓமோன்களைப் பற்றிக்கொள்ளும் புரதங்கள்), ஹேர்-2 ஆகிய மூன்று புரதங்களையும் ஆராய்ந்தபோது, 0.6 மில்லிமீற்றர் உருளைகள் இரண்டைப் பார்த்தாலே 95 வீதத்துக்கு மேற்பட்ட நோயாளிகளில் முழுச்சீவலின் முடிவோடு பொருந்துவதைக் கண்டார்கள். இந்த முடிவை எல்லாப் புரதங்களுக்கும் எல்லாக் கட்டிகளுக்கும் நீட்டிவிடக் கூடாது. கட்டி முழுவதும் சீராகப் பரந்திருக்கும் புரதத்துக்கு இரண்டு உருளை போதும். பிரிவடையும் கலங்களைக் காட்டும் கி-67 போன்றவை ஓரிடத்தில் அடர்ந்தும் இன்னோரிடத்தில் ஐதாகவும் இருப்பதால், அவற்றுக்கு மூன்று அல்லது நான்கு உருளைகள் எடுப்பதே பாதுகாப்பானது.

வாய்ப் புற்றுநோயில் இன்னொரு விடயம் உண்டு. கட்டியின் நடுவில் உள்ள கலங்களும், சூழவுள்ள இழையத்துக்குள் ஊடுருவிச் செல்லும் முன்விளிம்பில் உள்ள கலங்களும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. நோயின் போக்கைத் தீர்மானிப்பதில் முன்விளிம்புக்குப் பெரும் பங்கு உண்டு. ஆகையால் நடுவிலிருந்து ஒன்று, முன்விளிம்பிலிருந்து இரண்டு என்று முன்னரே வகுத்துக்கொண்டு, எந்த உருளை எங்கிருந்து வந்தது என்பதையும் அட்டவணையில் எழுதுங்கள். எல்லா உருளைகளையும் கட்டி என்ற ஒரே பெயரில் பதிந்துவிட்டுப் பின்னர் பிரித்தறிய முயன்ற ஆய்வொன்றை அருகிலிருந்து பார்த்தேன். பிரித்தறிய வழியே இருக்கவில்லை.

புதிதாகத் தொடங்குவோர் தங்கள் நோயாளிகளுள் ஒரு பகுதியினருக்காவது முழுச்சீவலையும் சாயமிட்டு, உருளைகளின் முடிவோடு ஒப்பிட்டுக் காட்ட வேண்டும். அந்த ஒப்பீடு இல்லாத நுண்ணணி ஆய்வை நான் நம்புவதில்லை.

வன்னியில் எந்த நோயில் தொடங்குவது பொருத்தம்?

என் கருத்தில் வாய்ப் புற்றுநோயும் மார்பகப் புற்றுநோயும். இலங்கையில் ஆண்களிடையே முதலிடத்தில் இருப்பது வாய்ப் புற்றுநோய். பெண்களிடையே மார்பகப் புற்றுநோய். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை என்று தட்டம் நிறைந்திருக்கும் நம்மூர்களில் முதலாவது நோய்க்கான காரணத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. புகையிலை சேராத வெற்றிலைக்கூட்டும், பாக்கு தனித்தும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004 இல் வகைப்படுத்தியது. வயலிலும் மேசன் வேலையிலும் நாள் முழுவதும் வாயில் அடக்கி வைத்திருப்போரின் கட்டியில் எந்தப் புரதங்கள் மாறுகின்றன என்பதை, வெற்றிலை போடாத நாடுகளின் தரவிலிருந்து நாம் அறிந்துவிட முடியாது.

பி16 என்னும் புரதத்தைப் பற்றி ஒரு குறிப்பு. தொண்டைப் பகுதிப் புற்றுநோயில் அது பப்பிலோமா வைரசுத் தொற்றின் அடையாளமாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. கன்னத்து உட்புறம், நாக்கு போன்ற வாய்க்குழிக் கட்டிகளில் அதனை அவ்வாறு பொருள்கொள்ளல் பிழை. நம் பகுதியின் நோயாளிகளிற் பலர் இந்த இரண்டாம் வகையினர் என்பதால், இதைக் கவனியாமல் எழுதினால் ஆய்வே தடம் மாறிவிடும்.

வவுனியாப் பக்கத்தில் பேசப்படும் காரணந் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோய்க்கு இம்முறை பயன்படுமா என்றும் கேட்கிறார்கள். சிறுநீரகத்திலிருந்து ஊசியால் எடுக்கும் பயொப்சி நூல்போல் மெல்லியது. அதில் துளையிட்டால் நோயாளியின் நோயறிதலுக்கே ஒன்றும் மிஞ்சாது. அந்தப் புளொக்குகளில் கை வைக்க வேண்டாம்.

நுண்ணணியைப் படிப்படியாக எவ்வாறு செய்வது?

முதலில் ஒவ்வொரு புளொக்கிலிருந்தும் புதிதாக ஒரு சீவல் எடுத்து, வழமையான சாயங்களான ஹீமட்டொக்சிலின், இயோசின் இட்டு, நோயியல் வைத்திய நிபுணர் நுணுக்குக்காட்டியில் பார்த்துக் கட்டியுள்ள இடத்தைச் சிலைட்டின் மேல் பேனையால் வட்டமிட வேண்டும். பழைய சிலைட்டை நம்ப வேண்டாம். அதற்குப் பிறகு அந்தப் புளொக் பலமுறை சீவப்பட்டிருக்கலாம். வட்டமிட்ட இடத்தில் இப்போது கட்டியே இல்லாமலும் இருக்கலாம். சிலைட்டைப் புளொக்கின் மேல் வைத்து, இழையத்தின் ஓரவடிவம் பொருந்தும்வரை திருப்பி, அதே இடத்தைப் புளொக்கின் முகத்திலும் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது வரைபடம். 37 க்கு 24 மில்லிமீற்றர் அச்சில் வார்த்த புளொக்கில், சுற்றிவர 3 மில்லிமீற்றர் ஓரம் விட்டால் 31 க்கு 18 மிஞ்சும். 1 மில்லிமீற்றர் உருளைகளை நடுவிலிருந்து நடுவுக்கு 2 மில்லிமீற்றர் தூரத்தில் வைத்தால் 15 நிரல்கள், 9 நிரைகள், ஆக 135 இடங்கள். நாற்பது நோயாளிகளுக்கு மும்மூன்று உருளை வைத்தால் 120. மிஞ்சிய 15 இடங்கள் இயல்பான இழையத்துக்கும், முடிவு முன்னரே தெரிந்த கட்டுப்பாட்டு இழையங்களுக்கும். ஓரத்தைச் சுருக்கி இன்னும் சில உருளைகளை நட ஆசை வரும். நடாதீர்கள், ஓரத்து மெழுகுதான் சீவும்போது வெடிக்கும்.

வரைபடம் சமச்சீராக இருக்கக் கூடாது. ஒரு மூலைக்கு வெளியே ஈரல் அல்லது சிறுநீரகம் போன்ற, கண்டவுடன் அடையாளம் தெரியும் இழையமொன்றைத் தனியே நட வேண்டும். என் முதல் நுண்ணணியில் அடையாள உருளையை நடுநிரையின் முனையில் நட்டேன். அதனால் சிலைட்டின் இடமும் வலமும் எது என்று தெரிந்தது. மேலும் கீழும் எது என்று தெரியவில்லை. சீவலொன்று தண்ணீர்த் தொட்டியிற் புரண்டு ஏறியதை எவரும் கவனிக்கவில்லை. ஒன்பதாம் நிரையில் இருந்தவரின் முடிவை முதலாம் நிரையில் இருந்தவருக்கு எழுதியிருந்தோம். இரண்டு வாரங்கள் வாசித்த புள்ளிகள் அனைத்தையும் அழித்து மறுபடி வாசித்தோம். பிழை என்னுடையது. அன்றிலிருந்து வரைபடத்தை எவரிடமேனும் தலைகீழாகக் கொடுத்து, மேல்பக்கம் எது என்று கேட்டுப் பார்க்காமல் நான் ஊசியைத் தொடுவதில்லை.

இனி நடுதல். ஊசிகள் இரண்டு. சற்றுச் சிறியது வெறும் புளொக்கில் குழி தோண்டும். எடுத்த மெழுகை எறிந்துவிடலாம். மற்றது நோயாளியின் புளொக்கில் இறங்கி இழைய உருளையைக் கொண்டுவரும். ஊசி மெழுகைக் கடந்து இழையத்துக்குள் நுழையும் கணத்தைக் கை உணரும்: வழவழப்பாக இறங்கியது ஒரு கணம் தயங்கி, பின்னர் நெறுநெறுவென்று இறங்கும். 3 மில்லிமீற்றர் ஆழம் போதும். உருளையைக் குழியின் வாயில் நேராக நிறுத்தி, உள்ளிருக்கும் கம்பியால் மெல்லத் தள்ளி, அதன் தலை மெழுகின் மட்டத்துக்கு வரும்போது நிறுத்த வேண்டும். அழுத்தினால் உருளை கூனிவிடும்; பாதியில் விட்டால் மைக்ரோட்டோம் கத்தி அதைப் பிடுங்கிவிடும். ஒவ்வோர் உருளையும் நட்டவுடன் அட்டவணையில் அடையாளமிடுங்கள். நினைவில் வைத்துப் பிறகு எழுதலாம் என்று ஒருபோதும் இருக்காதீர்கள்.

எல்லாம் நட்டபின் புளொக்கை 37 முதல் 40 பாகை செல்சியஸ் வெப்பத்தில் வைத்து, சுத்தமான சிலைட் ஒன்றினால் முகத்தை மெல்ல அழுத்தினால் உருளைகளும் மெழுகும் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். கச்சான் வீசும் மாதங்களில் குளிரூட்டி இல்லாத அறையில் நண்பகலில் நடக் கூடாது. மெழுகு இளகிக் குழியின் வாய் நெளிந்துவிடும். விடிகாலை வேலைக்கு ஈடில்லை.

அதற்கான கருவி நம்மிடம் இல்லை. வேறு வழி உண்டா?

உண்டு. கையால் இயக்கும் கருவியே பெரும்பாலான ஆய்வுகளுக்குப் போதுமானது. தானியங்கிக் கருவி பெருந்தொகைப் புளொக்குகளைக் கையாளும் நிலையங்களுக்கே தேவை. கையால் இயக்கும் கருவியும் இல்லாத ஆய்வுகூடங்கள், முப்பரிமாண அச்சுப்பொறியில் செய்த வார்ப்பில் குழிகளோடு வெறும் புளொக்கை வார்த்து, தோல் பயொப்சிக்கான துளைப்பானால் 2 மில்லிமீற்றர் உருளைகள் எடுத்து நடுகின்றன. எலும்பு மச்சை ஊசியைப் பயன்படுத்துவோரும் உண்டு. உருளை பெரிதாவதால் ஒரு புளொக்கில் நாற்பது ஐம்பதுக்கு மேல் அடங்காது. நம் அளவுக்கு அது போதும். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இருக்கிறது. இத்தகைய வார்ப்பு மருத்துவ மாணவரும் பொறியியல் மாணவரும் சேர்ந்து செய்ய ஏற்ற வேலை.

பழைய புளொக்குகளை எல்லாம் பயன்படுத்தலாமா?

எல்லாவற்றையும் பயன்படுத்த முடியாது. புளொக்கின் தரம் சத்திரசிகிச்சைக் கூடத்திலேயே தீர்மானமாகிவிடுகிறது. இழையம் உடலிலிருந்து பிரிந்த ஒரு மணி நேரத்துக்குள் போமலினில் இறங்க வேண்டும். மார்பக இழையத்துக்கு 6 மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்துக்கு மேற்படாமலும் அதில் இருக்க வேண்டும் என்பது அனைவரும் ஏற்ற நெறி. போமலின் 10 வீதம், காடித்தன்மை ஏறாதபடி பொசுபேற்று சேர்த்து நடுநிலையாக்கியது. அளவு, இழையத்தைப் போலப் பத்து மடங்கு.

நடப்பில் என்ன ஆகிறது? வெள்ளிக்கிழமை பிற்பகல் தூரத்து வைத்தியசாலையொன்றில் அகற்றிய மார்பகம், வாய் ஒடுங்கிய போத்தலில் பிதுங்கிக்கொண்டு, அதன் பாதி உயரத்துக்கு மட்டும் போமலினோடு, வாகனம் கிடைக்கும் திங்கட்கிழமைவரை காத்திருக்கிறது. வெளிப்புறம் மிகையாக இறுகி, நடு அழுகியிருக்கும். அந்தப் புளொக்கில் ஈஸ்திரஜன் வாங்கி இல்லை என்று வந்தால், கட்டியில் உண்மையிலேயே இல்லையா அல்லது போத்தலில் அழிந்துபோனதா என்று எவராலும் சொல்ல முடியாது. ஆய்வுக்கு மட்டுமன்றி அந்தப் பெண்ணின் சிகிச்சைக்கும் இது கேடு. ஆய்வு செய்ய வருபவர்களிடம் நான் வேண்டிக்கொள்வது: நுண்ணணிக்கு ஊசி வாங்குமுன் அகன்ற வாயுள்ள வாளிகளை வாங்கிக் கொடுங்கள், பெரிய மாதிரிகளைப் போமலினில் இடுமுன் கீறி விடப் பழக்குங்கள், போமலினில் இட்ட நேரத்தைப் படிவத்தில் எழுத வையுங்கள்.

எத்தகைய பரிசோதனைகளைச் செய்யலாம்?

பரபின் சீவலில் செய்யக்கூடிய ஏறத்தாழ எல்லாவற்றையும் செய்யலாம். புரதங்களுக்கு, பிறபொருளெதிரி கொண்டு செய்யும் ஐ.எச்.சி. சாயமிடல், பரம்பரையலகுப் பிரதிகளை ஒளிரும் சாயத்தால் எண்ணும் பிஷ், ஆர்.என்.ஏ.யை அதன் இடத்திலேயே காட்டும் முறைகள் எல்லாம் இதில் அடங்கும். ஹேர்-2 புரதம் 2+ என்று ஐயத்துக்கிடமாக வரும் நோயாளிகளை அடுத்த சீவலிலேயே பிஷ் செய்து ஒப்பிடுவது, மூலக்கூற்று நோயியல் கற்க மிக நல்ல பயிற்சி. அதே புளொக்கிலிருந்து மேலதிகமாக ஓர் உருளை எடுத்துக் குழாயிலிட்டு டி.என்.ஏ. பிரித்தெடுக்கவும் முடியும்.

ஒரு புளொக்கிலிருந்து எத்தனை சீவல்கள் கிடைக்கும்?

4 மைக்ரோமீற்றர் தடிப்பில் 3 மில்லிமீற்றரைச் சீவினால் கணக்குப்படி 750. கையில் வருவது 100 முதல் 200 வரை. உருளைகள் எல்லாம் ஒரே ஆழத்தில் இரா. மெல்லிய புளொக்கிலிருந்து வந்தவை முதலில் முடிந்துபோகும். ஆகவே ஐம்பது சீவலுக்கு ஒருமுறையாவது ஹீமட்டொக்சிலின், இயோசின் சாயமிட்டு ஒவ்வொரு புள்ளியிலும் இன்னும் கட்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் புளொக்கை மைக்ரோட்டோமில் பொருத்தி நேர்ப்படுத்தும்போது நல்ல இழையம் வீணாகும் என்பதற்காக ஒரே அமர்வில் பலவற்றைச் சீவி வைக்கத் தோன்றும். சீவிய சிலைட்டில் புரதங்கள் மாதக்கணக்கில் மங்கும் என்பதையும் எண்ணிப் பாருங்கள். வெப்பமும் ஈரலிப்பும் அதை விரைவாக்கும். அடுத்த சில வாரங்களுக்குத் தேவையானதை மட்டும் சீவி, மெழுகில் தோய்த்துக் குளிரில் வையுங்கள்.

புள்ளிகளை எப்படி வாசிப்பது? சில உருளைகள் கழன்றுபோனால் என்ன செய்வது?

நோயாளியின் விபரம் அறியாத இருவர் தனித்தனியே வாசித்து, பின்னர் தங்களுக்கிடையிலான ஒத்திசைவைக் கப்பா என்னும் புள்ளிவிபர அளவால் காட்ட வேண்டும். மூன்று உருளைகள் மூன்று விதமாகச் சொன்னால் சராசரியை எடுப்பதா, உச்சத்தை எடுப்பதா என்பதை வாசிக்கத் தொடங்குமுன் எழுதி ஒப்பமிட்டு வையுங்கள். முடிவைப் பார்த்தபின் விதியைத் தெரிவு செய்வது தரவைத் திரிப்பதாகும்.

பத்தில் ஒன்று, சில வேளை அதற்கும் மேலாக உருளைகள் சாயமிடும்போது கழன்றுபோவது வழமை. ஒவ்வொரு நோயாளிக்கும் மூன்று உருளை நடுவதன் இன்னொரு காரணம் அது. கழன்ற புள்ளியைச் சுழியம் என்று எழுதிவிடாதீர்கள். இழையம் இல்லை என்பதும், இழையம் இருந்தும் புரதம் இல்லை என்பதும் முற்றிலும் வேறானவை. இரண்டுக்கும் அட்டவணையில் வேறு வேறு குறி வேண்டும். முடிவுகளை எழுதும்போது, கட்டிக் குறிகாட்டி ஆய்வுகளுக்கென 2005 இல் வெளிவந்த ரிமார்க் நெறிமுறைகள், எதை எதைத் தெரிவிக்க வேண்டும் என்று நன்கு வழிகாட்டும்.

கணினியில் வாசிக்கலாமா?

வாசிக்கலாம். பெல்பாஸ்ற் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் உருவாகி 2017 இல் ஆய்விதழில் விளக்கப்பட்ட கியூபாத் என்னும் இலவச மென்பொருள், நுண்ணணியின் புள்ளிகளைத் தானே கண்டு நிரை நிரலாகப் பெயரிட்டு, சாயமேறிய கலங்களை எண்ணித் தரும். சாதாரணக் கணினியிலும் ஓடும். தேவைப்படுவது சிலைட் முழுவதையும் வருடி எடுத்த படம்; அதற்குரிய வருடிக் கருவி (ஸ்கானர்) வேறு நகரில் இருந்தால் சிலைட்டை அங்கே கொண்டுபோய்ப் படமெடுத்து வரலாம். நுணுக்குக்காட்டியின் கண்வில்லையில் கைத்தொலைபேசியை வைத்து எடுத்த படம் கலந்துரையாடலுக்கு உதவும், அளவிடுவதற்கு உதவாது.

நோயாளிகளின் விபரங்களைச் சேர்ப்பதில் நம் பகுதிக்கே உரிய சிக்கல் உண்டா?

உண்டு. ஊசி வேலையைவிட இதற்கே அதிக நேரம் செலவாகும். நோயாளி இப்போது எப்படி இருக்கிறார், நோய் திரும்பியதா, உயிருடன் இருக்கிறாரா என்பது தெரியாவிட்டால் நுண்ணணி வெறும் புள்ளிக் கோலம்தான்.

வன்னியில் ஒருவர் 2009 க்கு முன் ஓர் ஊரிலும், அந்த ஆண்டில் முகாமிலும், மீள்குடியேற்றத்தின் பின் இன்னோர் ஊரிலும் இருந்திருப்பார். மூன்று முகவரிகளும் மூன்று பதிவேடுகளில் இருக்கும். தந்தையின் பெயர் முதலெழுத்தாக ஒரு கொப்பியிலும் முழுப்பெயராக இன்னொன்றிலும் இருக்கும். ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரே பெயர் நான்கு விதமாக மாறும். பெண்களின் பெயரோடு ஓரிடத்தில் தந்தை பெயரும் ஓரிடத்தில் கணவர் பெயரும் சேர்ந்திருக்கும். ஒருவரை இருவர் என்று எண்ணிவிடுவதும், இருவரை ஒருவர் ஆக்கிவிடுவதும் எளிது. எனவே பெயரை மட்டும் வைத்து இணைக்காமல், பிறந்த ஆண்டு, கட்டியின் இடமும் பக்கமும், சத்திரசிகிச்சைத் திகதி, புளொக் இலக்கம் ஆகியவற்றுள் குறைந்தது மூன்று பொருந்தினால் மட்டும் இணையுங்கள். சிகிச்சைக்காகத் தெல்லிப்பழை, மகரகம புற்றுநோய் வைத்தியசாலைகளுக்குச் சென்றவர்களின் கிளினிக் கொப்பி வீட்டில், பெரும்பாலும் பொலித்தீன் பையொன்றில், பத்திரமாக இருக்கும். எந்தக் கணினிப் பதிவையும்விட அந்தக் கொப்பியை நான் மதிக்கிறேன்.

அனுமதி பெறும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

ஒழுக்கநெறி மீளாய்வுக் குழுவின் அனுமதி இல்லாமல் ஒரு புளொக்கையும் தொடக் கூடாது. ஏற்கனவே சேமிப்பில் உள்ள, தொடர்புகொள்ள முடியாதவர்களின் இழையத்துக்குத் தனிச் சம்மதம் வேண்டுமா என்பதைக் குழுவே தீர்மானிக்கும். நீங்களாக முடிவெடுக்க வேண்டாம்.

உயிருடன் இருப்பவரிடம் சம்மதம் கேட்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். நம் மக்கள் எத்தனையோ தடவை பதியப்பட்டவர்கள். படிவத்தையும் பேனையையும் எடுத்தவுடன் சிலரின் முகம் மாறும். முதலில் அமர்ந்து பேசுங்கள். உங்களிடமிருந்து புதிதாக ஒன்றும் வெட்டி எடுக்கப்போவதில்லை, முன்பு எடுத்ததில் குண்டூசித் தலையளவு துண்டைத்தான் கேட்கிறோம் என்று தெளிவான தமிழில் சொல்லுங்கள். மறுத்தால் சிகிச்சையில் எந்த வேறுபாடும் வராது என்பதைச் சொல்லிவிட்டு, யோசிக்க நாள் கொடுத்து, மறுமுறை போங்கள். ஒப்பத்துக்கு அவசரப்படுத்திப் பெற்ற சம்மதம் சம்மதமாகாது.

நுண்ணணியில் கண்ட முடிவை நோயாளியின் அறிக்கையில் சேர்க்கலாமா?

கூடாது. நுண்ணணி ஒரு கூட்டத்தைப் பற்றிய கேள்விக்கு விடை தருவது. தனி ஒருவரின் சிகிச்சையை மாற்றக்கூடிய ஏதேனும் தென்பட்டால் நோயியல் வைத்திய நிபுணருக்கு அறிவித்து, அந்த நோயாளியின் முழுச்சீவலில் முறைப்படி மறுபடி பார்க்கச் செய்ய வேண்டும்.

துளையிட்ட புளொக் பின்னர் நோயாளிக்குத் தேவைப்பட்டால்?

தேவைப்படும், நோய் மீண்டு வரும்போது பழைய புளொக்கைத் தேடி வருவார்கள். ஆகவே கட்டி இருக்கும் ஒரே புளொக் இதுதான் என்றால் அதில் துளையிட வேண்டாம். வேறு புளொக் இருந்தாலும் கட்டியின் பெரும்பகுதி மிஞ்சும்படி ஓரமாக எடுங்கள். எடுத்த குழியில் அப்படியே காற்று நிற்க விடாமல் உருகிய மெழுகால் நிரப்பி ஆறவிடுங்கள். இல்லாவிடின் அடுத்த முறை சீவும்போது இழையம் அந்த இடத்தில் கிழியும். எந்த நாளில், எத்தனை உருளைகள், எந்த ஆய்வுக்காக எடுக்கப்பட்டன என்று புளொக் பதிவேட்டில் எழுதி, அன்று மாலைக்குள் புளொக்கை அதன் இராக்கையிலேயே திருப்பி வையுங்கள். சில மாதங்களுக்கு முன் ஓர் அம்மா தன் மகனோடு வந்து, ஆறு வருடத்துக்கு முந்திய புளொக்கை மேற்பரிசோதனைக்காகக் கேட்டார். நாங்கள் மூன்று உருளைகள் எடுத்திருந்த புளொக் அது. நிரப்பிய மூன்று மெழுகுப் புள்ளிகளும் வெள்ளையாகத் தெரிந்தன. சுற்றிவரக் கட்டி முழுதாக இருந்தது. அன்றே சீவிக் கொடுத்தனுப்பினோம்.